அத்தோ கடையில் தொடங்கி மொஹிங்கா வரை: பர்மியச் சமையல் கற்க ஒரு முழு வழிகாட்டி

வெளிநாட்டுச் சமையலை வீட்டில் முயன்று பார்க்கும் ஆசை வந்ததும் பெரும்பாலோர் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். இந்த ஞாயிறு பாஸ்தா, அடுத்த ஞாயிறு சுஷி, அதற்கடுத்து டாக்கோ. சில மாதம் கழித்துப் பார்த்தால் ஃப்ரிட்ஜ் கதவில் பாதி தீர்ந்த சாஸ் பாட்டில்கள் வரிசையாக நிற்கும். எந்த ஊர்ச் சமையலும் கைக்கு வந்திருக்காது. ஒரு நாட்டைத் தேர்ந்துகொண்டு மூன்று, நான்கு மாதம் அதிலேயே கிடப்பதுதான் நல்லது. கடையில் சாப்பிட்டு, வீட்டில் செய்து, மறுபடி கடைக்குப் போய் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் நாக்கும் கையும் ஒன்றையொன்று திருத்தும்.

எந்த நாடு என்று கேட்டால், தமிழ்ச் சமையலறையிலிருந்து கிளம்புகிறவருக்கு நான் பர்மாவைத்தான் சொல்வேன். புளி, மஞ்சள், கடலை மாவு, வாழைத்தண்டு, தேங்காய்ப்பால், கருவாடு, புளிச்சக்கீரை என்று அந்தச் சமையலுக்கு வேண்டியதில் முக்கால்வாசி நம் வீட்டிலோ தெருமுனைக் கடையிலோ இருக்கிறது. கடைக்குப் போவதும் சுலபம். சென்னையில் பர்மியச் சாப்பாடு கையேந்தி பவனிலேயே கிடைக்கிறது.

ஆபத்தும் இங்கேதான். பொருளெல்லாம் தெரிந்ததாக இருப்பதால் கை தன்பாட்டுக்குக் கடுகு தாளிக்கும், கறிவேப்பிலை கிள்ளும், கடைசியில் சோம்புப் பொடி தூவும். இறக்கி வைத்தால் அது நம் குழம்பாகத்தான் இருக்கும். பர்மியச் சமையல் வேறு கணக்கில் ஓடுகிறது. அடுப்பில் நடப்பது குறைவு. முன்கூட்டியே செய்து வைத்த சின்னச் சின்ன ஜாடிகளிலிருந்து எடுத்து, கிண்ணத்தில் கலந்து முடிப்பதில்தான் ருசி கூடுகிறது. இந்த ஜாடிகளைக் கைவசப்படுத்தினால் பாதிச் சமையல் கற்றது போல. கீழே உள்ள படிகளின் வரிசையும் அதை வைத்துத்தான்.

இந்தக் கடைகள் எப்படி வந்தன

1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு பகுதி. நகரத்தார் வட்டித் தொழிலுக்குப் போனார்கள். கூலி வேலைக்கும் கணக்கு வேலைக்கும் ஆயிரக்கணக்கில் தமிழர்கள் கப்பலேறினார்கள். 1942-இல் ஜப்பானியப் படை நுழைந்தபோது ஒரு கூட்டம் காடு மலை கடந்து நடந்தே திரும்பியது. 1962-இல் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகளும் வணிகமும் அரசுடைமை ஆயின. 1964-இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டன. மிச்சம் இருந்தவர்களில் பலர் கப்பலில் சென்னைக்கு வந்து இறங்கினார்கள். கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே உருவான பர்மா பஜார், வியாசர்பாடி, எண்ணூர்ப் பக்கக் குடியிருப்புகள் எல்லாம் அப்படி வந்தவைதான். பர்மாவுக்கே திரும்பிப் போக முயன்று எல்லையில் தடுக்கப்பட்ட சிலர் மணிப்பூரின் மோரே ஊரிலேயே தங்கிவிட்டார்கள். இன்றும் அங்கே தமிழ்ச் சங்கமும் கோயிலும் உண்டு.

நூடுல்ஸைக் கையால் பிசறித் தரும் அத்தோ, அந்தக் குடும்பங்கள் கொண்டுவந்த கைப்பக்குவம்தான். ஆகவே கடையில் கிடைப்பது பர்மாத் தமிழர் சமையல். அதுவும் அசல்தான், ஆனால் யாங்கூன் வீட்டில் சாப்பிடுவது அப்படியே அல்ல. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

படி 1: கடையில் நின்று பாருங்கள்

பர்மா பஜாருக்குப் பின்னால், செகண்ட் லைன் பீச் சாலையில் மாலையானால் தள்ளுவண்டிகள் வந்து நிற்கும். சென்னையின் மற்ற பகுதிகளிலும், புதுச்சேரி, மதுரை, திருச்சியிலும் இப்போது அத்தோ கடைகள் இருக்கின்றன. கடை போட்ட கொஞ்ச நேரத்துக்குள் போய்விட வேண்டும். கூட்டம் ஏறிவிட்டால் எதையும் பார்க்க முடியாது, கடைக்காரருக்கும் பதில் சொல்ல நேரம் இருக்காது.

முதலில் முட்டை மசாலா வாங்குங்கள். வேகவைத்த முட்டையைக் கீறி, பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் போட்டுக் கையில் தருவார்கள். அப்படியே வாயில் போட வேண்டும். பர்மியச் சுவையின் அடித்தளம் மொத்தமும் அந்த ஒரு வாயில் இருக்கிறது. அடுத்தது அத்தோ. கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப் வரும். அதைத் தனியாகக் குடித்துப் பாருங்கள்.

கடைக்காரரின் கையைக் கவனிப்பதுதான் உண்மையான பாடம். நூடுல்ஸ், முட்டைகோஸ், வெங்காயம், வறுத்த மாவு, புளித்தண்ணீர், எண்ணெய், மிளகாய் எல்லாம் ஒரு கிண்ணத்தில் விழும். பிறகு விரல்களால் அள்ளிப் பிசறுவார். பேஜோ எனப்படும் மொறுமொறுப்பான தட்டையைக் கடைசியில்தான் நொறுக்கிப் போடுவார். எது முதலில், எது கடைசியில் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"அண்ணே, இந்தப் பொடி கடலை மாவா, பொட்டுக்கடலையா?" என்று கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். பூண்டை எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள், புளியோடு வேறு ஏதாவது சேர்க்கிறார்களா என்பதும் கேட்கத் தகுந்தவை. அளவு கேட்காதீர்கள், அது தொழில் ரகசியம், தவிர அவர்களுக்கு அளவு கையில்தான் இருக்கிறது. நூடுல்ஸின் ஆரஞ்சு நிறம் வெறும் கேசரிப் பவுடர். வீட்டில் அதற்கு வேலை இல்லை.

படி 2: ஜாடிகள்

ஒரு விடுமுறை நாள் காலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போவதில் பயனே இல்லை.

பூண்டு எண்ணெய்தான் முதல் ஜாடி. 100 கிராம் பூண்டை உரித்து, ஒரே கனத்தில் மெல்லிய சீவலாக நறுக்குங்கள். 200 மில்லி கடலை எண்ணெய் போதும். பர்மியர்கள் காலங்காலமாகப் பயன்படுத்துவதும் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும்தான். எண்ணெய் சூடாவதற்கு முன்பே பூண்டைப் போட்டு, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். வைக்கோல் நிறம் வந்ததும் வடித்துவிட வேண்டும். வடித்த பிறகும் அதன் சூட்டிலேயே ஒரு சுற்று சிவக்கும். பொன்னிறம் வரட்டும் என்று அடுப்பிலேயே காத்திருந்தால் ஆறியதும் கசக்கும். சீவலையும் எண்ணெயையும் தனித்தனி ஜாடியில் போடுங்கள். எண்ணெய் ஃப்ரிட்ஜில்தான் இருக்க வேண்டும், ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். ஈரமான பூண்டு எண்ணெயில் மூழ்கி வெளியே கிடப்பது உடலுக்கு ஆபத்து. அதனால்தான் சீவல் முழுக்க மொறுமொறுப்பாக வேண்டும் என்கிறேன்.

வெங்காயமும் இதே முறைதான். சின்ன வெங்காயம் என்றால் இன்னும் நல்லது. நறுக்கியதைக் காகிதத்தில் பரப்பிக் கொஞ்சம் உலரவிட்டுப் பொரித்தால் எண்ணெய் குறைவாகக் குடிக்கும்.

மூன்றாவது, வறுத்த கடலை மாவு. நம் ஊரில் பஜ்ஜிக்கும் லட்டுக்கும் போகிற இந்த மாவைப் பர்மியர்கள் மசாலாவைப் போல நடத்துகிறார்கள். கலவையில் போட்டால் புளியையும் எண்ணெயையும் பிடித்து நிறுத்தும். சூப்பில் போட்டால் உடம்பு கொடுக்கும். ஒரு கப் மாவை வெறும் வாணலியில் சிறு தீயில் ஆறு முதல் எட்டு நிமிடம் கைவிடாமல் வறுங்கள். பச்சை வாடை போய், வேர்க்கடலை வறுத்த மாதிரி மணம் வந்ததும் உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும்.

நான்காவது மிளகாய். காய்ந்த மிளகாயை வெறுமனே கருக வறுத்து, கொரகொரப்பாகப் பொடித்தால் போதும். நைஸாக அரைத்த மிளகாய்த்தூள் இதற்கு ஈடாகாது.

ஐந்தாவது கூனிப்பொடி. கூனி இறால் கருவாடு, சென்னாகுன்னி என்று எந்தப் பெயரில் விற்றாலும் சரி. மண் போகக் கழுவி, காயவைத்து, வறுத்து, மிக்ஸியில் பஞ்சு போல அடித்துக்கொள்ளுங்கள். பர்மியச் சமையலறையில் நிரந்தரமாக இருக்கும் 'ஙாப்பி' என்ற புளித்த மீன் விழுது இங்கே எளிதில் கிடைப்பதில்லை. கூனிப்பொடியும் ஃபிஷ் சாஸும் சேர்ந்தால் அந்த வேலையைப் பெருமளவு செய்துவிடும். ஃபிஷ் சாஸ் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் கிடைக்கும். இந்தச் சமையலுக்காக வெளியே வாங்க வேண்டியது அநேகமாக அது ஒன்றுதான். எலுமிச்சைப்புல்லை ஒரு முறை வாங்கி, வேருள்ள தண்டைத் தொட்டியில் நட்டுவிடுங்கள். களை மாதிரி வளரும்.

கெட்டியான புளிக்கரைசல் எப்போதும் இருக்கட்டும். அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

படி 3: கையால் பிசறும் கலவைகள்

பர்மாவில் 'தோக்' என்று முடியும் உணவுகள் எல்லாம் கையால் பிசறிச் செய்பவை. நூடுல்ஸ், தக்காளி, இஞ்சி, பம்பளிமாஸ், ஏன், சமோசாவைக்கூடத் துண்டுபோட்டுப் பிசறுவார்கள். வீட்டில் அத்தோவில் தொடங்குங்கள்.

இரண்டு பேருக்கு 200 கிராம் கோதுமை நூடுல்ஸ் எடுத்து, வெந்ததும் வடித்து, குளிர்ந்த தண்ணீரில் அலசி, ஒரு டேபிள்ஸ்பூன் பூண்டு எண்ணெய் தடவி வையுங்கள். ஒரு கப் முட்டைகோஸ் நூல் போலச் சீவியது. ஒரு வெங்காயம் மெல்லிசாக நறுக்கித் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்துப் பிழிந்தது. இவற்றோடு வறுத்த கடலை மாவு இரண்டு டேபிள்ஸ்பூன், புளிக்கரைசல் மூன்று டேபிள்ஸ்பூன், கூனிப்பொடி ஒரு டேபிள்ஸ்பூன், ஃபிஷ் சாஸ் இரண்டு டீஸ்பூன், மிளகாய்ப்பொடி ஒரு டீஸ்பூன், இன்னொரு கரண்டி பூண்டு எண்ணெய். கையைக் கழுவிக்கொண்டு பிசறுங்கள். கரண்டியால் கிளறினால் மாவு ஓரிடத்தில் கட்டிப்போகும். விரலுக்குத்தான் எங்கே காய்ந்திருக்கிறது, எங்கே ஈரம் அதிகம் என்று தெரியும். ருசி பார்த்து, எலுமிச்சை பிழிந்து, கொத்தமல்லி தூவுங்கள். பொரித்த வெங்காயமும் பூண்டும் தட்டில் போட்ட பிறகுதான். பேஜோவுக்குப் பதில் நம் வீட்டுத் தட்டையை நொறுக்கிப் போட்டால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

முதல் தடவை கடை அத்தோ அளவுக்கு இல்லையே என்று தோன்றினால் காரணம் பெரும்பாலும் எண்ணெய்தான். கடையில் தாராளமாக விடுவார்கள்.

இதே முறையில் தக்காளிக் கலவை செய்யுங்கள். பாதி பழுத்த தக்காளியும் வறுத்த வேர்க்கடலைப் பொடியும் சேரும்போது சாதத்துக்கு இணையில்லாத துணை. இஞ்சிக் கலவைக்கு இளம் இஞ்சி வேண்டும். தை மாதத்தில் வரும் நார் இல்லாத இஞ்சியை ஊசி போல நறுக்கி எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்தால் இளஞ்சிவப்பாக மாறும். அதோடு வறுத்த பருப்பு, எள், கடலை.

பர்மாவின் பெருமை என்றால் 'லப்பே' என்னும் புளிக்கவைத்த தேயிலைக் கலவைதான். ஷான் மலைப்பகுதியில் விளையும் இளம் தேயிலையை அவித்து, அழுத்தி, மாதக்கணக்கில் புளிக்கவிட்டுச் செய்வது. கிரீன் டீ இலையை ஊறவைத்துப் போலியாகச் செய்யும் குறிப்புகள் நிறைய உலவுகின்றன. என்னைக் கேட்டால் வேண்டாம். இதை உணவகத்தில் சாப்பிடுவதற்கென்று விட்டுவைக்கலாம். அதையும் பகலில் சாப்பிடுங்கள். தேயிலையை மென்று விழுங்குகிறோம், இரவில் தூக்கம் வராது.

படி 4: ஷான் டோஃபு

பெயரில் டோஃபு இருந்தாலும் சோயா கிடையாது. கடலை மாவில் செய்வது. ஒரு கப் கடலை மாவு, மூன்று கப் தண்ணீர், அரை டீஸ்பூன் மஞ்சள், ஒரு டீஸ்பூன் உப்பு. கட்டியில்லாமல் கரைத்து, வடிகட்டி, நடுத்தரத் தீயில் வைத்துத் துடுப்பால் கிண்டிக்கொண்டே இருங்கள். சில நிமிடங்களில் திடீரென்று கெட்டிப்படும். அங்கே நிறுத்தாமல் தீயைக் குறைத்து இன்னும் ஐந்தாறு நிமிடம் கிண்டினால்தான் பச்சை வாடை போகும், துண்டு நிற்கும். எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி இரண்டு மணி நேரம் ஆறவிடுங்கள்.

ஆறியதை மெல்லிசாக வெட்டிப் புளி, பூண்டு எண்ணெய், மிளகாய், கொத்தமல்லி போட்டுப் பிசறினால் ஒரு பலகாரம். முக்கோணமாக வெட்டிப் பொரித்துப் புளிச் சட்னியில் தொட்டால் இன்னொன்று. கெட்டிப்படும் முன்பே சூடான கூழாக நூடுல்ஸ் மேல் ஊற்றிச் சாப்பிடுவதும் ஷான் பகுதியில் காலை உணவு. குழந்தைகள் இருக்கிற வீட்டில் பொரித்த முக்கோணங்கள் வேகமாகத் தீரும்.

படி 5: தேங்காய்ப்பால் கவ்ஸ்வே

கல்யாண பஃபேக்களில் 'பர்மீஸ் கவ்ஸ்வே' என்று நூடுல்ஸ் மேல் கெட்டியான மஞ்சள் குழம்பு ஊற்றுவார்கள். அதை மறந்துவிட்டுத் தொடங்குங்கள். பர்மாவின் 'ஓன் நோ கவ்ஸ்வே' தளர்வானது, தேங்காய்ப்பால் அளவானது, அதற்கு உடம்பு கொடுப்பது கடலை மாவு. இதுவும் திரும்பி வந்தவர்களோடு பயணப்பட்ட உணவுதான். சூரத்திலும் கராச்சியின் மேமன் முஸ்லிம் வீடுகளிலும் 'கவ்சா' என்று தனி வடிவம் எடுத்திருக்கிறது.

நான்கு பேருக்கு அரைக் கிலோ கோழி. மூன்று பெரிய வெங்காயம், ஆறு பல் பூண்டு, ஓர் அங்குல இஞ்சியை விழுதாக்கி, நான்கு டேபிள்ஸ்பூன் எண்ணெயில் ஒரு டீஸ்பூன் மஞ்சள், ஒரு டீஸ்பூன் மிளகாய்த்தூளோடு நன்றாக வதக்குங்கள். கோழியைச் சேர்த்துப் புரட்டி, ஒரு லிட்டர் தண்ணீர், இரண்டு டேபிள்ஸ்பூன் ஃபிஷ் சாஸ். கோழி வெந்ததும், நான்கு டேபிள்ஸ்பூன் வறுத்த கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிப் பதினைந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். கடைசியில் 400 மில்லி தேங்காய்ப்பால். ஒரு கொதி வந்தால் போதும்.

பரிமாறுவதில்தான் எல்லாம். நூடுல்ஸ் மேல் குழம்பு, அதன் மேல் அரை முட்டை, பச்சை வெங்காயச் சீவல், கொத்தமல்லி, ஒரு பிடி பொரித்த நூடுல்ஸ். எலுமிச்சையும் மிளகாய்ப்பொடியும் மேசையில் தனியாக இருக்கட்டும். அவரவர் கிண்ணத்தை அவரவர் முடித்துக்கொள்வதுதான் மரபு. குழம்பைச் சட்டியிலேயே புளிப்பும் காரமும் சேர்த்து முடித்துவிடும் நம் பழக்கத்தை இங்கே அடக்க வேண்டும்.

படி 6: ஒரு முழுச் சாப்பாடு

நூடுல்ஸ் எல்லாம் சிற்றுண்டிக் கணக்கு. பர்மிய வீட்டில் சாப்பாடு என்றால் சோறுதான். நடுவில் ஓர் எண்ணெய்க் குழம்பு, ஒரு புளிப்பு சூப், ஒரு கலவை, கொஞ்சம் பச்சைக் காய்கறி, தொட்டுக்கொள்ள ஙாப்பி. எல்லாம் ஒரே நேரத்தில் மேசைக்கு வரும். வீட்டில் மூத்தவருக்கு முதல் கரண்டி.

'ஹின்' என்னும் குழம்பு நமக்குப் பழகிய வித்தைதான். எண்ணெய் பிரியும் வரை வதக்குவது. ஆனால் நாம் தக்காளி, மல்லித்தூள், பட்டை, சோம்பு என்று போவோம். அவர்கள் வெங்காயம், பூண்டு, இஞ்சி, மஞ்சள், மிளகாய் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வெங்காயத்தின் இனிப்பு முன்னே நிற்கும். முக்கால் கிலோ கோழிக்கு மூன்று வெங்காயம், 100 மில்லி எண்ணெய் என்று வைத்துக்கொண்டு, விழுதை மட்டும் சிறு தீயில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் வதக்குங்கள். தண்ணீர் வற்றும்போது கொதிக்கும் சத்தம் மாறி, பொரியும் சத்தம் வரும். அதுதான் கோழி போடும் நேரம். ஒரு தண்டு எலுமிச்சைப்புல்லைத் தட்டிப் போட்டு, கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, மறுபடி எண்ணெய் மேலே மிதக்கும் வரை மூடி வையுங்கள்.

சூப்புக்குப் புளிச்சக்கீரை. பர்மாவில் 'சின் பவுங்' என்று வீட்டுக்கு வீடு சமைக்கும் கீரை இதுதான். நாம் கடைந்து கெட்டியாக்குவோம். அவர்கள் பூண்டும் கூனியும் போட்டுத் தண்ணீராகக் கொதிக்கவைத்துக் குடிப்பார்கள். மிச்சக் கீரையை எண்ணெயில் பச்சை மிளகாய், கூனியோடு சுருள வதக்கினால் அது வேறொரு பண்டம். இதைச் சாதத்தில் பிசைந்து சாப்பிட்ட பிறகு ஆந்திரா கோங்குராவோடு ஒப்பிடாமல் இருப்பது கஷ்டம்.

அரிசி பச்சரிசியாக இருக்கட்டும். நகரத்தார் வீடு என்றால் இனிப்புக்குக் கவுனி அரிசி வையுங்கள். அந்தக் கறுப்பு அரிசி பர்மாவிலிருந்துதான் வந்தது என்று செட்டிநாட்டில் சொல்வார்கள். இந்தியா இறக்குமதி செய்யும் உளுந்திலும் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. இட்லி சாப்பிடும்போது நினைத்துக்கொள்ளலாம்.

படி 7: மொஹிங்கா

இதைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. இதுவரை செய்த ஜாடிகள், வதக்கல், கடலை மாவு, மேசையில் முடிப்பது எல்லாம் இந்த ஒரு கிண்ணத்தில் கூடுகின்றன. பர்மா முழுக்க விடியற்காலையில் தெருவோரம் விற்கும் மீன் சூப் நூடுல்ஸ் இது. சென்னையில் மாலையில் கிடைக்கிறது, சில கடைகளில் மீன் இல்லாமலே.

ஆறு பேருக்கு முக்கால் கிலோ கெளுத்தி மீன். கிடைக்காவிட்டால் விரால். வஞ்சிரம் போன்ற கடல் மீன் வேண்டாம். ஆற்று மீனின் கொழுப்பும் மணமும்தான் இதன் அடிப்படை. மீனை இரண்டரை லிட்டர் தண்ணீரில், தட்டிய எலுமிச்சைப்புல் மூன்று தண்டு, மஞ்சள் அரை டீஸ்பூன், இஞ்சித் துண்டு, உப்பு போட்டு இருபது நிமிடம் வேகவிடுங்கள். மீனை எடுத்து, ஆறியதும் முள் நீக்கி உதிர்க்க வேண்டும். அவசரப்பட வேண்டாம், ஒரு முள் தப்பினாலும் விருந்து கெடும். தலையையும் முள்ளையும் மறுபடி அதே தண்ணீரில் போட்டு அரை மணி நேரம் கொதிக்கவைத்து வடித்தால் ரசம் கனமாகும்.

வேறு பாத்திரத்தில் ஆறு டேபிள்ஸ்பூன் எண்ணெய். மூன்று வெங்காயம், பத்துப் பல் பூண்டு, இஞ்சி, ஒரு தண்டு எலுமிச்சைப்புல்லின் அடிப்பகுதி எல்லாம் அரைத்த விழுதை, மஞ்சள், ஒரு டீஸ்பூன் மிளகாய்த்தூளோடு எண்ணெய் பிரிய வதக்குங்கள். ஒரு டேபிள்ஸ்பூன் கூனிப்பொடியும் உதிர்த்த மீனும் சேர்த்து, மீன் நிறம் பிடிக்கும் வரை புரட்டுங்கள்.

வடித்த ரசத்தை இதில் ஊற்றுங்கள். நான்கு டேபிள்ஸ்பூன் வறுத்த கடலை மாவும் அதே அளவு வறுத்துப் பொடித்த அரிசியும் தண்ணீரில் கரைத்துச் சேருங்கள். ஃபிஷ் சாஸ் மூன்று டேபிள்ஸ்பூன், மிளகுத்தூள் ஒரு டீஸ்பூன். ஒரு கப் வாழைத்தண்டை வட்டமாக நறுக்கி, நார் எடுத்துப் போடுங்கள். பொரியலுக்கு நறுக்குவதுபோல் மோரில் போட்டு வைக்காமல் உப்புத் தண்ணீரில் போடுங்கள், மோர்ப் புளிப்பு இங்கே பொருந்தாது. உரித்த சின்ன வெங்காயம் பதினைந்து முழுசாக. சிறு தீயில் ஒரு மணி நேரம் கொதிக்கட்டும். அடிப்பிடிக்கும், அவ்வப்போது துழாவ வேண்டும். ரசத்துக்கும் சாம்பாருக்கும் நடுவான பதம் சரியானது.

நூடுல்ஸுக்கு மெல்லிய அரிசி சேமியா. இடியாப்பம் ஆசை காட்டும். ஆனால் சூடான சூப்பில் இரண்டே நிமிடத்தில் கரைந்துவிடும். மேலே முட்டை, கொத்தமல்லி, பூண்டு எண்ணெய், மிளகாய்ப்பொடி, எலுமிச்சை. இவற்றோடு சுரைக்காய் பஜ்ஜி போட்டுத் துண்டாக்கிச் சேர்க்க வேண்டும். பர்மாவில் மொஹிங்காவுக்கு வழக்கமான துணைகளில் அதுவும் ஒன்று. கடலைப்பருப்பை ஊறவைத்து அரிசி மாவுக் கரைசலில் தட்டிப் பொரித்த மொறுமொறு வடையும் உண்டு. கடைப் பேஜோவின் மூலம் அதுதான்.

மறுநாள் மொஹிங்கா முதல் நாளைவிட நன்றாக இருக்கும். முடிந்தால் முந்தின இரவே செய்துவிடுங்கள்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு

ஃபிஷ் சாஸுக்குப் பதில் சோயா சாஸ், கூனிப்பொடிக்குப் பதில் வறுத்த எள்ளும் வேர்க்கடலையும் பொடித்தது. ஷான் பகுதியில் புளித்த சோயாவை வடையாகத் தட்டிக் காயவைத்துப் பொடித்துப் போடுகிறார்கள். எங்காவது கிடைத்தால் விடாதீர்கள். மொஹிங்காவில் மீனுக்கு மாற்றாகக் காளான் போடலாம், வாழைத்தண்டை இரட்டிப்பாக்கலாம். பர்மியர் நடத்தும் கடையில் 'தெத் தத் லுத்' என்று கேட்டால் உயிர் கொல்லாத உணவு என்று புரிந்துகொள்வார்கள். ஆனாலும் ஃபிஷ் சாஸ் சேர்க்கவில்லையா என்று தனியாகக் கேட்டுவிடுவது நல்லது.

படி 8: மறுபடி கடைக்கு

இப்போது அத்தோ கடைக்குப் போனால் வேறு கடையாகத் தெரியும். மாவு சரியாக வறுபட்டிருக்கிறதா, பூண்டு கசக்கிறதா என்பதெல்லாம் நாக்கில் படும். பக்கத்துக் கடை அத்தோவையும் வாங்கி ஒப்பிடுங்கள்.

அடுத்தது உட்கார்ந்து சாப்பிடும் உணவகம். மும்பையில் 2014-இல் தொடங்கிய 'பர்மா பர்மா' சைவ உணவகத்துக்குப் பெங்களூரு போன்ற நகரங்களிலும் கிளைகள் உண்டு. லப்பே சாப்பிட அது நல்ல இடம்; விலை தள்ளுவண்டிக் கணக்கில் இருக்காது. சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு யோகம். சிட்டி ஹால் அருகே உள்ள பெனின்சுலா பிளாசா கட்டடம் பர்மியத் தொழிலாளர்களும் மாணவர்களும் கூடும் இடம். அங்கே அவர்களுக்காகவே நடக்கும் கடைகளில் சாப்பிடலாம். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நெரியும், ருசியும் அன்றுதான் முழுசாக இருக்கும். சட்டிகள் வரிசையாக இருந்தால் கை காட்டி ஒரு குழம்பு கேளுங்கள். பக்கத்து மேசையில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்து அதையே கேட்பதும் நல்ல முறை. சாப்பிட்டபின் பாலும் சர்க்கரையும் தூக்கலான டீ குடிக்காமல் எழாதீர்கள்.

சித்திரை பிறப்பை ஒட்டியே பர்மியர்களுக்கும் புத்தாண்டு. தின்ஜான் என்பார்கள், தெருவெல்லாம் தண்ணீர் ஊற்றி விளையாடுவார்கள். அன்றைக்கு வீட்டில் செய்ய எளிதான இனிப்பு ஒன்று இருக்கிறது. பச்சரிசி மாவையும் ஒட்டும் அரிசி மாவையும் கலந்து பிசைந்து, நடுவில் ஒரு துண்டு பனைவெல்லம் வைத்து நெல்லிக்காய் அளவில் உருட்டிக் கொதிக்கும் தண்ணீரில் போடுங்கள். மிதந்ததும் அரித்து எடுத்துத் தேங்காய்த் துருவலில் புரட்ட வேண்டும். கொழுக்கட்டை பிடிக்கத் தெரிந்த கைக்கு இது விளையாட்டு. அங்கே ஒன்றிரண்டு உருண்டைகளில் வெல்லத்துக்குப் பதில் பச்சை மிளகாய் வைத்துக் கலந்துவிடுவார்கள். யாருக்குக் கிடைக்கிறதோ அவர் பாடு.